கதவோடு மேலே போன விளக்குகள்

அத்தாஉல்லா இப்ஹாம் ஆகிய எனக்கு வயது நாற்பத்தாறு. முஸ்லிம். உப்பளத்தில் வேலை. கல்பிட்டி வீதி, ஏத்தாளையில் மனைவி ஸுஹைராவுடன் வசிக்கிறேன். என் தங்கை நிஃப்லாவின் கணவர் நௌஃபர் வீதி விபத்தில் மௌத்தானது குறித்தும், அதற்காகத் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் வான் சாரதி றிம்ஸான் குறித்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை என் வாப்பா பட்டணத்து ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அங்குள்ள பள்ளியிலேயே குளிப்பாட்டிக் கபனிட்டோம். அந்தி மஃரிப் தொழுகையோடு அடக்கம் என்று ஊர்ப் பள்ளியில் அறிவித்தாயிற்று. மையித்தை வைத்துக்கொண்டு தாமதிப்பது எங்களில் வழக்கமில்லை. ஜனாஸா வாகனம் வேறோர் ஊருக்குப் போயிருந்தபடியால் றிம்ஸானின் சின்ன வானைப் பிடித்தோம். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கை ஏற்றியபோது அதன் சுமக்கும் கம்புகள் வெளியே நீட்டிக்கொண்டன. பின்கதவைச் சாத்த முடியவில்லை. மேலே தூக்கிக் கயிற்றால் கட்டினோம். அந்த வானில் பிரேக் லைட், சிக்னல் லைட் எல்லாம் பின்கதவில்தான் இருக்கின்றன.

அப்போது றிம்ஸான், "லைட்டெல்லாம் கதவோட வானத்தப் பாத்துட்டு நிக்கிது நானா. பின்னால வாறவனுக்கு ஒண்டும் விளங்காது. ஜனாஸா வாகனம் வரட்டும்" என்றார். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் முதலிலேயே சொன்னார்.

அதற்கு நௌஃபர், தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகவும், மற்ற வாகனங்கள் தன்னுடைய லைட்டைப் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். பிறகு என்னிடம், "நீங்க பின்னுக்கு இரிங்க மச்சான். பிரேக் புடிச்சா கைய உசத்துங்க, எனக்குப் போதும்" என்றார். நான் ஓம் என்றேன்.

அதன்பின் புறப்பட்டோம். நான் சந்தூக்கின் கால்மாட்டில் பின்பக்கம் பார்த்துக் குந்தியிருந்தேன். இடையில் வேறு வாகனம் புகுந்தால் அது எங்களில் மோதிவிடும் என்று நௌஃபர் ஒட்டியே வந்தார். பாலாவிச் சந்தியிலும் அதற்குப் பிறகும் வான் வேகம் குறைந்தபோதெல்லாம் நான் கையை உயர்த்தினேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். ஒருமுறை சிரித்தார். மையித்துக்குப் பின்னால் வருகிறவர் சிரிக்கலாமா என்று எனக்குக் கோபம் வந்தது.

நுரைச்சோலை தாண்டி, பொழுது மங்கும் நேரம் கழுதைகள் வீதிக்கு ஏறின. றிம்ஸான் பிரேக் பிடித்தார். வீதிக்கு மேலே கவிந்திருந்த வேப்பங்கிளையில் சிவப்பு வெளிச்சம் விழுந்ததை நான் கண்டேன். ஆகவே பிரேக் லைட் எரிந்தது. அதே நேரம் சந்தூக்கு முன்னே சறுக்கியது. வாப்பா விழுந்துவிடுவார் என்று இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தேன். ஒரு கையே போதுமாயிருந்திருக்கும். நான் கையை உயர்த்தவில்லை. நௌஃபர் கிளையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

மோதிய பிறகு அவருக்கு மூச்சிருந்தது. வாப்பாவைச் சந்தூக்கோடு வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு மச்சானை வானில் ஏற்றினோம். றிம்ஸான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் வாப்பாவோடு நின்றேன். இப்போது கதவு சாத்தியிருந்தபடியால் சிவப்பு விளக்குகள் இரண்டும் வெகுதூரம் வரை தெரிந்தன. நௌஃபர் வழியிலேயே மௌத்தானதாகப் பின்பு அறிந்தேன்.

நிஃப்லா கணவருக்காக வீட்டோடு இத்தா இருக்கிறாள். நேற்று என்னிடம், "நானா, அவருக்குக் கை காட்டினீங்கதானே?" என்று கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வாய் வராததை இங்கே சொல்லியிருக்கிறேன். றிம்ஸானில் எங்கள் குடும்பத்துக்கு எந்த முறைப்பாடும் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும்.

எழுதியதை உத்தியோகத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். கையை உயர்த்த முடியவில்லை என்று எழுதியிருந்தார். அதை வெட்டி, உயர்த்தவில்லை என்று போடச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. யாவும் உண்மை என ஒப்பமிடுகிறேன்.

அ. இப்ஹாம்