மாஸ்டர் கேட்ட மாத்திரை

பார்மசிஸ்ட்: கொஞ்சம் வாயைத் திறந்து சொல்லுங்க மாஸ்டர். இப்படி முனகினா நான் எதை எடுத்துக் குடுக்கறது?

மாஸ்டர்: அதான்மா... அந்த மாத்திரை. அவசரத்துக்குப் போடறது.

பார்மசிஸ்ட்: எந்த அவசரத்துக்கு? வாந்தியா, வயித்தாலயா?

மாஸ்டர்: ஐயோ, மெதுவா... கரு தங்காம இருக்கப் போடறதும்மா.

எதிர்வீட்டம்மா: யாரு, நம்ம டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரா? நான் ஒருத்தி தைலம் வாங்க நிக்கறேனே, கண்ணு தெரியலையா?

மாஸ்டர்: நீங்களா... பாக்கலைம்மா. நீங்க முதல்ல வாங்கிக்குங்க.

எதிர்வீட்டம்மா: அவசரமில்லை. தலைவலி இப்பத்தான் குறையற மாதிரி இருக்கு. நீங்க பேசுங்க.

பார்மசிஸ்ட்: பாத்தீங்களாக்கா? "பிரேக்கு, பிரேக்கு"ன்னு தெருவுக்கே கத்திக் கத்திச் சொல்லிக்குடுத்தவரு. அவருக்கே பிரேக் பிடிக்கலையாம்.

மாஸ்டர்: எனக்கு இல்லைம்மா...

பார்மசிஸ்ட்: அது தெரியுது. ஆம்பளை முழுங்கற மாதிரி எந்தக் கம்பெனிக்காரன் பண்ணியிருக்கான்? யாருக்கு?

மாஸ்டர்: ஒரு... தெரிஞ்சவங்களுக்கு.

எதிர்வீட்டம்மா: ரொம்பத் தெரிஞ்சவங்களோ?

பார்மசிஸ்ட்: என்னிக்கு நடந்தது?

மாஸ்டர்: முந்தாநாள். உறை கிழிஞ்சிருச்சுன்னு... சொன்னாங்க.

எதிர்வீட்டம்மா: சொன்னாங்களா? அப்ப நீங்க எங்க இருந்தீங்க மாஸ்டர், பேப்பர் படிச்சிட்டா?

மாஸ்டர்: அது வந்து...

பார்மசிஸ்ட்: விடுங்கக்கா, இன்னும் கேட்டா படமே போட்டுக் காட்டிடுவாரு. இங்க பாருங்க மாஸ்டர், மூணு நாளுக்குள்ள போடணும். அதுலயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மாஸ்டர்: டாக்டர் சீட்டு ஏதாவது...

பார்மசிஸ்ட்: சீட்டெல்லாம் வேண்டாம். வந்து கேக்கற தைரியம்தான் வேணும்.

மாஸ்டர்: இதைப் போட்டா... பின்னாடி குழந்தை பிறக்காமப் போயிடுமாம்மா?

எதிர்வீட்டம்மா: பின்னாடி வேறயா! இந்த வயசுல ஆசையைப் பாரு!

பார்மசிஸ்ட்: அதெல்லாம் சும்மா ஊர்ப்பேச்சு. கொஞ்சம் குமட்டும், தலை சுத்தும். மாசத் தேதி முன்னப்பின்ன தள்ளும், ரொம்பத் தள்ளினா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். போட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி எடுத்தா மறுபடி போடணும். ஏற்கெனவே தங்கின கருவை இது ஒண்ணும் பண்ணாது. ஆங்... முக்கியமானது. அவங்க தினமும் வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?

மாஸ்டர்: இ... இல்லை.

பார்மசிஸ்ட்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

மாஸ்டர்: இல்லைன்னு சொல்றேனே. குடும்மா, நான் கிளம்பறேன்.

பார்மசிஸ்ட்: என்ன அவசரம்? பொண்டாட்டி போய் முழுசா ரெண்டு வருஷம் ஆகலை. அதுக்குள்ள ஐயா புது வண்டி ஓட்டக் கிளம்பிட்டாரு. இல்லீங்களாக்கா?

எதிர்வீட்டம்மா: கேக்கவே காது கூசுது. இவரு வீட்டுல வேலைக்குப் போற மக ஒருத்தி இருக்கா, தங்கம் மாதிரி பொண்ணு. என் தங்கச்சி மகனுக்குக் கேக்கலாம்னு இருந்தேன். இப்படி ஒரு அப்பன் இருக்கற வீட்டுல எப்படிப் போய்ச் சம்பந்தம் பேசறது?

மாஸ்டர்: அவளை எதுக்கும்மா இழுக்கறீங்க? தப்பு என்னோடது. என்னைத் திட்டுங்க.

எதிர்வீட்டம்மா: திட்டாம? உங்களுக்கு ஆரத்தியா எடுப்பாங்க?

பார்மசிஸ்ட்: அக்கா, பாவம், மனுஷன் மானமே போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

எதிர்வீட்டம்மா: நானா? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது! சரி சரி... எனக்கு ஒரு வேலை இருக்கு, வரேன்.

மாஸ்டர்: தைலத்தை விட்டுட்டுப் போறாங்களே...

பார்மசிஸ்ட்: இனிமே அவங்களுக்கு எதுக்குத் தைலம்? தெருமுனை திரும்பறதுக்குள்ள பாதித் தெருவுக்கு விஷயம் போயிருக்கும்.

மாஸ்டர்: நான் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்? இப்படி மானத்தை வாங்கிட்டியே.

பார்மசிஸ்ட்: உங்க மானத்தைத்தானே வாங்கினேன்? வேற யாரோடதையாவது தொட்டேனா?

மாஸ்டர்: வேற யாரோடதுன்னா... என்னம்மா சொல்றே?

பார்மசிஸ்ட்: அவங்க வெளிய போகாம நீங்க உண்மையைச் சொல்ல மாட்டீங்க. மாசாமாசம் என் கையால வலிப்பு மாத்திரை வாங்கிட்டுப் போறீங்களே மாஸ்டர், அதைச் சாப்பிடறவங்களுக்குத்தானே இதுவும்?

மாஸ்டர்: அது... ம்...

பார்மசிஸ்ட்: போதும், அதுக்கு மேல நான் கேக்கலை. அந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு இந்த மாத்திரை சரியா வேலை செய்யாது. "இல்லை"ன்னு ஒரு பொய்யைச் சொல்லி வாங்கிட்டுப் போயிருப்பீங்க. போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்திருப்பீங்க. அப்புறம் யார் கிடந்து அழறது?

மாஸ்டர்: ஐயோ... இப்ப என்னம்மா பண்றது? அந்த மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திட்டா?

பார்மசிஸ்ட்: அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம். வலிப்பு மாத்திரையில கை வெக்காதீங்க. இன்னிக்கே பொம்பளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. அஞ்சு நாளுக்குள்ள காப்பர்-டி வெச்சிட்டா இதைவிட நல்லாக் காக்கும், வலிப்பு மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா அங்கயாவது மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்க.

மாஸ்டர்: சொல்றேன்மா. சத்தியமா சொல்றேன்.

பார்மசிஸ்ட்: நாளையிலேர்ந்து நீங்க தெருவுல நடந்தா சிரிப்பாங்களே மாஸ்டர். பரவாயில்லையா?

மாஸ்டர்: எம்பொண்ணு அங்க பின்தெருவுல, வண்டிக்குள்ள குனிஞ்சு உக்காந்திருக்காம்மா. அம்மா இல்லாத பொண்ணு, "பயமா இருக்குப்பா"ன்னு என்கிட்ட வந்து சொல்லிச்சு. என்னை நம்பிச் சொல்லிச்சு பாரு... எனக்கு அது போதும். தெருவுல தலைநிமிந்து நடக்க வேண்டியது அவதான். எனக்கென்ன, நான் வண்டியிலதானே போறேன்.