எண்பத்தேழு என்று சொன்னேன்

குக்கரின் வாஷர் போய்விட்டது சார். இந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக மூன்று மணி நேரமாகும். அதனால் அவசரப்படாமல் கேளுங்கள். இப்படி அடுப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள். யாக் சாணி வறட்டி, வாடை இருக்கும், ஆனால் சூடு நன்றாக இருக்கும். கண்ணாடியில் ஆவி படிகிறதா? இந்தச் சமையலறைக்குள் வருகிற கண்ணாடிக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

முதல் கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். ஹர்க்கமாயா ராய், வயது முப்பத்தெட்டு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். லோபுசேயில் இந்த விடுதியை நடத்துகிறேன். கணவர் இந்தப் பருவம் முழுக்க மேலே எவரெஸ்ட் பேஸ் கேம்ப்பில் ஒரு குழுவுக்குச் சமைக்கிறார். இறந்துபோன கியால்ஜென் ஷெர்பா அவருடைய அண்ணன். மூத்தவர் என்பதால் நான் தாஜு என்பேன், தம்பி மனைவி என்பதால் அவர் புஹாரி என்பார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது கேள்வி, அன்று காலை உடம்பு சரியில்லை என்று அவர் யாரிடமாவது சொன்னாரா என்பது. இல்லை என்று எழுதிக்கொண்டு நீங்கள் இறங்கிவிடலாம். கூட நடந்தவர்கள் எல்லோரும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மடத்தில் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? கூட்டிவந்தவர்களை நடுவழியில் விட மனமில்லாமல் உயிரையே கொடுத்துவிட்டாராம். அவர் படத்துக்குப் பட்டுத்துண்டு போட்டு சாப்பாட்டுக் கூடத்தில், அதோ அந்தக் கூடைக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறார்களாம். நான் தினமும் அந்தச் சுவருக்கு எதிரில் நின்று சாதம் பரிமாற வேண்டும். அதனால்தான் உள்ளதைச் சொல்கிறேன். அவர் சொன்னார். என்னிடம் சொன்னார்.

கூடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் போஜ்பூர்ப் பக்கம். எங்கள் வீட்டு முற்றத்தில் வாழை குலை தள்ளும், அவ்வளவு தாழ்வான இடம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே ஏறி வந்தேன். லுக்லாவிலிருந்து நாலாம் நாள், இதே வீட்டில், தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. வாந்தி எடுத்தேன். பிறகு கால் என் பேச்சைக் கேட்கவில்லை. என் கணவர் உட்கார்ந்து அழுதாராம். அவருக்கு அது சுலபமாக வரும். தாஜுதான் என்னை அந்த மூங்கில் கூடைக்குள் உட்காரவைத்து, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, பெரிசே ஆஸ்பத்திரிவரை ஓட்டமாக இறங்கினார். மூன்று மணி நேர வழி, இரண்டு மணிக்குள் போய்விட்டார். இதெல்லாம் உண்மை. நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒருவன் ஒருத்தியை ஒருமுறை சுமந்தால் அது உதவி. பத்தொன்பது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தால் யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கூடையை அவர்தான் கூடத்தில் ஆணி அடித்து மாட்டினார். காட்மாண்டுவில் அலுவலகம் வைத்து அங்கேயே குடியேறி பதினோரு வருடமாகிறது. ஆனாலும் ஒவ்வொரு பருவத்திலும் யாராவது பணக்காரக் குழுவை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்குவார், ஒரு வேளை சாப்பிடுவார், கதையைச் சொல்வார், அதே ஹெலிகாப்டரில் போய்விடுவார். தலையில் குளிர்கண்ணாடி, கையில் கரண்டி. "இது கூடை இல்லைங்க, எங்க புஹாரி வந்த பல்லக்கு. நான் எத்தனையோ உருளைக்கெழங்கு மூட்ட சொமந்திருக்கேன், ஒண்ணுகூட என் கழுத்துல வாந்தி எடுத்ததில்ல." பிறகு வாந்தி எடுக்கிற சத்தம். அதை நன்றாகச் செய்வார். பிறகு பெண்குரலில், "தாஜு, என்ன இங்கயே போட்டுட்டுப் போயிடுங்க." கடைசியில் நெஞ்சைத் தட்டி, "இந்தச் சீக்கெல்லாம் பள்ளத்துக்காரங்களுக்கு வர்றது. எங்க ரத்தம் வேற."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரிடம் பிடித்த வாக்கியம் அது ஒன்றுதான்.

இந்த முறை அவருடைய வழிகாட்டி கால் முறிந்து நாம்சேயில் படுத்துவிட்டான். டென்மார்க்கிலிருந்து வந்த ஆறு பேர் ஆளில்லாமல் நின்றார்கள். அதனால் இவரே விமானத்தில் லுக்லா வந்து, வழியில் எங்கும் ஓய்வுநாள் எடுக்காமல், மூன்றே நாளில் இங்கே அவர்களைப் பிடித்துவிட்டார். பதினோரு வருடம் காட்மாண்டுப் புகையை இழுத்த நெஞ்சு, தொப்பை வேறு. வாசலில் வந்து நின்றபோதே உதட்டு நிறம் சரியில்லை. நான் பார்த்தேன். இங்கே பத்தொன்பது வருடமாக வாசலில் வருகிறவர்களின் உதட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன், முகத்தைப் பிறகுதான்.

அந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊரில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், மூச்சு முட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வருகிறவர்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கூடத்து அடுப்பைப் பற்றவைத்ததும் ஆக்சிமீட்டரை எடுத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க, ஒவ்வொருவராக விரலில் மாட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மார்க் ஷீட் காட்டுகிற மாதிரிதான். இந்த உயரத்தில் எண்பத்தாறு வந்தாலே பெரிது, அவனைத் தட்டிக்கொடுப்பார்கள். எழுபத்தொன்பது வந்தவன் விரலைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்ப மாட்டுவான்.

கிர்ஸ்டன் என்ற பெண் மட்டும் அவரிடம் அதை நீட்டினாள். "நீங்களும் போடுங்க."

அவர் கை நீளப் பார்த்தது. நான் ரொட்டித் தட்டோடு நின்றிருந்தேன். "அவருக்கு எதுக்கு? யாக்குக்கு யாராச்சும் இத மாட்டுவாங்களா?" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு ரொம்ப சந்தோஷம். கையை இழுத்துக்கொண்டார். நான் பொதுவாகப் பேசாத ஆள் சார். அன்று பேசினேன்.

பிறகு கதை ஆரம்பித்தது. அன்றைக்கு மூச்சு வாங்கியதால் கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னார். முடிந்ததும் தாடிக்காரன் ஒருவன், "அவங்க கூடைக்குள்ள உட்கார்ந்தா ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா. புஹாரி, செத்த உட்காரு."

"கையெல்லாம் மாவு தாஜு."

"மாவோட உட்காரு, இன்னும் நல்லாருக்கும். கண்ண மூடிக்க. தலையத் தொங்கப் போடு. ம், அப்படித்தான், மயக்கமா."

உட்கார்ந்தேன், கண்ணையும் மூடிக்கொண்டேன். ஆறு போன்களும் சத்தம் போட்டு ஓயும்வரை அப்படியே இருந்தேன். நல்ல பின்னல் சார் அது, பத்தொன்பது வருடத்தில் ஒரு பட்டைகூட விலகவில்லை.

இதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். இதனால் இல்லை.

மறுநாள் காலை வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு, மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அதோ அந்த மாவு டின்மேல் உட்கார்ந்தார். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால் அந்தக் கருவியை இரவில் என்னிடம்தான் அடுப்பருகே கொடுத்துவைப்பார்கள்.

"புஹாரி, அந்த மிஷின எடு."

"யாருக்கு தாஜு?"

"எனக்குத்தான். வெளிய மூச்சு விடாத."

விரலில் மாட்டினேன். நகம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசினார். "பொட்டுத் தூக்கமில்ல. நெஞ்சுக்குள்ள தண்ணி கொதிக்கிறாப்பல சத்தம் கேக்குது. எழுபதுக்குக் கீழ இருந்தா நான் எறங்கிடறேன் புஹாரி. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போகட்டும். நீ படிச்சுச் சொல்லு, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

அறுபத்தொன்று, ஐம்பத்தேழு, ஐம்பத்துநாலு. அங்கே நின்றுவிட்டது. குளிர்ந்த விரலில் அது சில சமயம் தப்பாகக் காட்டும். அதனால் அவர் விரலை என் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றித் திரும்ப மாட்டினேன். நான் அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஐம்பத்துநாலேதான்.

"எவ்ளோ?"

"எண்பத்தேழு."

"நெசமாவா?"

"வந்திருக்கிற ஆறு பேர்ல யாருக்கும் இவ்ளோ இல்ல தாஜு."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சட்டைக்கையால் வாயைத் துடைத்தார். துடைத்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது. "பாத்தியா," என்றார். "ரத்தம்." தன் ரத்தத்தைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார்.

பூண்டு சூப் கொடுத்தேன். உப்பு போதுமா என்று கேட்டேன், போதும் என்றார். மேல் தட்டில் நீல டப்பாவில் இந்த மலைச் சீக்குக்கான மாத்திரை இருக்கிறது, மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கிறது. கேட்டவர்களுக்கு நான் இல்லையென்று சொன்னதில்லை. அவர் அவற்றைக் கேட்கவில்லை. எண்ணைத்தான் கேட்டார்.

கிளம்பும்போது வாசல் நிலையில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். குடிகாரன் மாதிரி நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கிர்ஸ்டன் மட்டும் திரும்பி வந்து, "அவர் நல்லாத்தானே இருக்கார்?" என்று கேட்டாள். "அவர் இந்த மலையிலயே பிறந்தவர்," என்றேன். அதில் என்ன பொய் இருக்கிறது?

மத்தியானம் இரண்டு மணிக்கு, அவர்களோடு மேலே போன சுமைகாரர்கள் இரண்டு பேர் மூச்சிரைக்க வந்தார்கள். "தீதி, கூடை வேணும். கோரக்‌ஷேப் தாண்டி விழுந்துட்டாரு. மேகம் எறங்கிடுச்சு, ஹெலிகாப்டர் வராதாம்." நானே ஆணியிலிருந்து இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தேன். நாலரைக்குக் கொண்டுவந்தார்கள். தலை தொங்கியிருந்தது, கண் மூடியிருந்தது. முந்தின நாள் என்னை உட்காரச் சொன்ன மாதிரியே சரியாக உட்கார்ந்திருந்தார். பாதி வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் சொன்னான். "கூடையில ஏத்தினப்பறமும் வாய் ஓயல தீதி. எண்பத்தேழு, எண்பத்தேழுன்னே சொல்லிக்கிட்டு வந்தாரு. என்ன கணக்கோ தெரியல."

எனக்குத் தெரிந்த கணக்குதான். பெரிசேவுக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் முழு மயக்கத்தில் இல்லை சார். இதை யாரிடமும் சொன்னதில்லை. வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். "தூங்கிடாத புஹாரி. தூங்கினா போயிடுவ. உன் பேரச் சொல்லு, பேர் என்ன?" நான் சொன்னேன். பிறகு நான் சொல்ல முடியாமல் போனதும் அவரே சொன்னார். ஹர்க்கமாயா, ஹர்க்கமாயா, ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை, ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும். நடுவில் அழுதார் என்றும் நினைக்கிறேன். கதை சொல்லும்போது அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார். மறந்திருப்பார். மறந்துபோனவரிடம் போய் நாம் என்ன எதிர்பார்க்க முடியும்?

நான் அவரை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவரவில்லை. ஐம்பத்துநாலைப் பார்த்துவிட்டு எண்பத்தேழு என்று சொன்னேன். சொன்னால் மேலே போவார், போனால் இறப்பார் என்று தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் கேட்டது அதுதானே, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: எங்கள் ரத்தம் வேறு என்று பத்தொன்பது வருடமாகச் சொன்னவர் அவர். நான் ஒரே ஒரு காலை அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். ஒரு மனிதரை அவர் சொல்லிக்கொள்கிற மாதிரியே நடத்துவது மரியாதை இல்லையா?

கூடையைக் கழுவி, காயவைத்து, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். நேற்று வந்த கொரியாக்காரர்கள் அது என்னவென்று கேட்டார்கள். கதையைச் சொன்னேன். எனக்கும் சொல்ல வருகிறது. வாந்திச் சத்தம் எல்லாம் நான் செய்வதில்லை.

பருப்பு இன்னும் வேகவில்லை. நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பேனா இரண்டாவது முறை கீழே விழுகிறது. தலைவலி இல்லை, தலைவலி இல்லை என்று வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். நான் கேட்கவே இல்லையே. சமவெளி ஜனக்பூர்க்காரர் நீங்கள், நாம்சேயிலிருந்து இரண்டே நாளில் ஏறியிருக்கிறீர்கள். அதிகாரிகளுக்கு எப்போதும் அவசரம்தான். உங்கள் கான்ஸ்டபிள் வேறு வெளியே வெயிலில் சுருண்டு படுத்திருக்கிறார், அவரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

கையைக் கொடுங்கள். இந்த விரல் வேண்டாம், நடுவிரல். ஆடாமல் வைத்துக்கொள்ளுங்கள், எண் நிற்கக் கொஞ்சம் நேரமாகும்.

கண்ணாடியைத் துடைக்க வேண்டாம் சார். நான் படித்துச் சொல்கிறேன்.