தவக்காலத்தில விரிஞ்ச ரியூலிப்

…இல்லப் பிள்ளை, நீர் இந்தப் பூவை வடிவெண்டு சொல்லாதையும். வடிவெண்டு ஆரும் சொன்னா எனக்கு இன்னும் கூடப் பத்தி எரியுது. நேற்றுத் தபால்காரனும் வேலியால எட்டிப் பாத்துப் பிரெஞ்சில என்னவோ புகழ்ந்துபோட்டுப் போறான். வடிவை வைச்சு நான் என்ன செய்யிறது?

ஏப்பிரல் தொடங்கி ஒரு கிழமை. உம்மட வாசல்ல நிழல் பக்கம் பனி இன்னும் கரையேல்ல. இந்தப் பியர்பொன்ட்ஸ் ஊர் முழுக்க நடந்து பாரும், எந்த வீட்டில பூ நிக்குது? என்ர வீட்டில மட்டும் அறுபது ரியூலிப் வாயைப் பிளந்துகொண்டு நிக்குது. அதுவும் நல்ல சிவப்பு. தவக்காலம், பீடத்தில ஒரு பூவும் வைக்கேலாது, கோயில்ல சுரூபமெல்லாம் ஊதாத் துணி போத்திக்கொண்டு நிக்கிற நேரம், இதுகள் கலியாண வீடு நடத்துதுகள்.

றொஷினி, நீர் பெப்ரவரியிலதானே பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தனீர், உமக்குக் கதை தெரியாது. இந்த வருசம் மே மாதம் மாதா பவனிக்குப் பூ என்ர பொறுப்பு. என்ர வாயால வாங்கிக் கட்டினது. பன்ரண்டு வருசமா றோஸ்மேரி எண்டு ஒரு மனிசிதான் சுரூபக் கூடு சோடிக்கிறவ. ஒக்ரோபர் கூட்டத்தில நான் எழும்பி நிண்டு சொன்னன், கடையில பூ வாங்கிறது பேய் வேலை, பேரம் பேசத் தெரியாத ஆக்களிட்ட பொறுப்பைக் குடுத்தா இப்பிடித்தான், இந்தமுறை இந்த அல்பேட் என்ர வளவுப் பூவாலயே முழுக்கச் சோடிச்சுக் காட்டுறன் எண்டு. அவ எழும்பி வந்தா. பூ வெட்டிற கத்தரிக்கோலை என்ர மேசையில வைச்சிட்டுப் போய்ட்டா. கத்தியிருந்தா எனக்குச் சுகம். கத்திற ஆக்களை நான் வெண்டுபோடுவன்.

இப்ப பவனிக்கு ஐஞ்சு கிழமை கிடக்கு. இதுகள் பத்து நாளில கொட்டுண்டிடும். மிஞ்சப்போறது தண்டு. தண்டைக் கட்டியோ மாதாவைச் சுத்திக் கொண்டுவாறது? சனம் சிரிக்கட்டும், அது பரவாயில்லை. றோஸ்மேரி சிரிக்காமல் நிப்பா பாரும், அதை நினைக்கத்தான் நித்திரை வரேல்ல.

நான் சும்மா விடுவனே? ரியூலிப் கிழங்கு வாங்கின கடைக்கே போனன். படத்தைக் காட்டிப் பிழையான சாமானைத் தலையில கட்டிப்போட்டியள் எண்டு சத்தம் போட்டன். அங்க நிண்ட பெட்டை ஆறுதலா ஒரே ஒரு கேள்வி கேட்டுது, எங்க நட்டனீங்கள் எண்டு. நான் வந்திட்டன்.

ஏன் வந்தனான் எண்டோ? …காரைப் பிழையான இடத்தில விட்டிருந்தன்.

உலகம் சூடாகுதாம், பிள்ளையள் சொல்லுதுகள். அப்ப உம்மட பக்கம் ஏன் சூடாகேல்ல? உம்மட வீட்டில முந்தி இருந்த பிரெஞ்சு மனிசி உந்த வேலியோரம் முழுக்க நட்டு வைச்சவ. இப்பதான் விரல் நுனியளவு முளை. மே நடுவில சொல்லி வைச்ச மாதிரி விரியும்… என்ன, தெரியாதோ? அது புல்லில்லைப் பிள்ளை, ரியூலிப். அந்தக் குப்பைவாரியைக் கீழ வையும் முதல்.

என்ன பாக்கிறீர்? என்ர சுவரில நீட்டிக்கொண்டு நிக்கிற அந்தக் குழாயோ? அது சும்மா காத்துப் போற குழாய். கிட்டப் போகாதையும்… ஓம், சூடாத்தான் இருக்கும்.

பேஸ்மென்ரில ஒரு கருவேப்பிலை மரம் நிக்குது. ஆறடி. இந்தக் குளிருக்கு அது தாங்காது, ஒக்ரோபர் துவக்கம் ஹீற்றர் போட்டுவிடுறனான். சுவரெல்லாம் வேர்க்குது, உடுப்பு பூஞ்சணம் மணக்குது எண்டு என்ர மனிசி இமெல்டா புறுபுறுத்தா. வேலைக்கு ஆள் பிடிச்சா அவன் கேக்கிற விலைக்கு வீட்டையே குடுக்கலாம். நானே சுவரைத் துளைச்சு, காத்தாடி பூட்டி, வெக்கையை வெளியால விட்டன்.

அதுக்கு நேர கீழதான்… ஓம், நட்டனான். வேற எங்க நட? எல்லாரும் கிழங்கை ஒக்ரோபருக்குள்ள வாங்குவினம். நான் நவம்பர் கடைசி மட்டும் பொறுத்தனான். எறியப்போற நேரம் போனாத்தான் விலை விழும். விழுந்தது, பாதிக்கும் கீழ. கொண்டுவந்து மண்வெட்டியைப் போட்டா நிலம் சீமெந்து. வளவு முழுக்க இறுகிப்போச்சு. குழாயடி மட்டும் தொதல், அல்வா மாதிரிப் பதமாக் கிடந்தது. மாதாவே இடம் காட்டினா எண்டு நினைச்சன்.

சிரியும், சிரியும்.

சரி, விசயத்துக்கு வாறன். உம்மட வேலியோரத்துப் பூவைப் பவனிக்குத் தாரும். வருசம் முழுக்கக் கருவேப்பிலை என்ர பொறுப்பு. காணாதோ? வாற மாரிக்கு உம்மட வாசல் பனியும் நான் தள்ளுறன்… அதுவும் வேண்டாமோ. அப்ப என்னதான் வேணும்?

றோஸ்மேரியிட்டையோ?

அவவை ஏன் பிள்ளை இதுக்குள்ள இழுக்கிறீர்… சரி, அவவே சோடிக்கட்டும். நான் போய், கூட்டத்தில கதைச்சது பிழை எண்டு என்ர வாயால சொல்லவேணுமோ? போனில சொல்லுறன். வாட்ஸ்அப்பில குரல் அனுப்பினா? இமெல்டாவை விட்டுச் சொல்லுவிச்சா?

எங்க பழகினீர் இந்தப் பேரத்தை? முகத்தை ஒரு சொட்டும் அசைக்காமல் நிக்கிறீர். உப்பிடி நிக்கப் பழக எனக்கு நாப்பது வருசம் எடுத்தது.

சரி, போறன். நாளைக்கு… இண்டைக்கே போறன்.

ஒண்டு மட்டும் கேக்கிறன். அவவின்ர வாசல்ல நிண்டு சொன்னாக் காணும்தானே, உள்ளுக்குப் போய் இருந்து சொல்லவேணுமோ?