மலைமேல் அளந்த வெயில்

எங்கள் ஊரில் ஜூலை மாதம் காருக்குள் அடுப்பங்கரைக் கையுறை வைத்திருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஸ்டியரிங்கை ஒரு தடவை வெறுங்கையால் தொட்ட பிறகு சிரிக்கமாட்டார்கள். அரிசோனா வெயில் எதையும் இரண்டாம் முறை சொல்லிக்கொடுப்பதில்லை.

என் பெயர் ஓர்வில் ஹேக்ஸ். எந்தச் சாலைக்கு எந்தத் தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது இந்த மாவட்டத்தில் என் வேலை. இருபத்தேழு வருடமாக. தாருக்கு ஓர் எண் உண்டு. சாலை அத்தனை டிகிரி சுட்டாலும் அந்தத் தார் இளகாது, அவ்வளவுதான் விஷயம். அறுபத்துநான்கு, எழுபது, எழுபத்தாறு. லாரிகள் நின்று நின்று போகும் இடமென்றால் ஒரு படி கூட்டிப் போடுவோம். எங்கள் அலுவலகத்தில் தரை துடைப்பவருக்கும் இது தெரியும்.

கல்குவாரி இறக்கத்துக்கு நான் அறுபத்துநான்கு எழுதினேன்.

காரணம் இருந்தது. சாலையின் பெயரைக் கொடுத்தால், பக்கத்து வானிலை நிலையத்தின் வெயிலைக் கணினியே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்தது மேட்டு விமான நிலையம். பக்கம்தான், இரண்டாயிரம் அடி உயரத்தில் பக்கம். அங்கே பைன் மரங்களும் காற்றும். கீழே சிக்னலில் குவாரி லாரிகள் வரிசையாக நின்று வேகும். நான் உயரத்தைப் பார்க்கவில்லை. மனிதன்தானே.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், டோனட் பெட்டி கைமாறிக்கொண்டிருந்தபோது, மாரிசேலா அதைக் கண்டுபிடித்தாள். தார் சோதனைக்கூடம் அவள் பொறுப்பு.

“பாஸ், இது மலைமேல அளந்த வெயிலாச்சே. கீழ வெயிலுக்கே எழுபது, லாரி நிக்கிற எடத்துக்கு எழுபத்தாறு வேணும்.”

சாலை மேற்பார்வையாளர் ராய்ஸ் டக்கெட் வாய் நிறைய டோனட்டோடு சொன்னார்: “விடும்மா. ஓர்வில் அங்க பனிச்சறுக்கு விளையாடப் போறாரு. நாமளும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்குவோம்.”

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். மாரிசேலா சிரிக்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

எண்ணை மாற்றுவது பெரிய காரியமில்லை. ஒரு மஞ்சள் தாள் நிரப்ப வேண்டும். அதில் ‘பிழை செய்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் என் பெயர் ஏறியதில்லை. “யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்” என்றேன்.

முதல் கோடையிலேயே சக்கரம் ஓடும் தடத்தில் இரண்டு வாய்க்கால் விழுந்தது. மாரிசேலா நேர்க்கட்டை வைத்து அளந்து, முக்கால் அங்குல ஆழம் என்று எழுதிக்கொடுத்தாள். ரோலர் ஒழுங்காக உருட்டப்படவில்லை என்று நான் மேலிடத்துக்கு எழுதினேன். ரோலர் ஓட்டியவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதர். அடுத்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் நானே கொடுத்தேன்.

அடுத்த வருடம் மழைக்கு முன்பு மாரிசேலா என் அறைக்கு வந்தாள்.

“ரோட்ட மாத்த வேணாம் பாஸ். ஒரு போர்டாச்சும் வைங்க, மழையில வழுக்கும்னு. அந்தத் தடத்துல தண்ணி நின்னா வண்டி மெதக்கும். நானே தெனம் அதுலதான் வீட்டுக்குப் போறேன்.”

“நல்ல ரோட்டுக்கு எதுக்கும்மா போர்டு?”

போர்டு வைத்தால் ஏன் வைத்தோம் என்று எழுத வேண்டும். அவளுக்கு அது புரியவில்லை. சோதனைக்கூடத்து ஆட்களுக்கு நிர்வாகம் புரியாது.

ஆகஸ்டில் ஒருநாள் நாலு மணிக்கே வானம் கறுத்தது. அவள் கைப்பையோடு வந்து நின்றாள்.

“பாஸ், அரை மணி முன்னாடி கெளம்பட்டுமா? ஹைவே சுத்திப் போயிடுவேன். அஞ்சரைக்குள்ள பாப்பாவக் காப்பகத்துலேர்ந்து கூட்டிக்கணும்.”

ஐந்து மணிக்குக் கிளம்பினால் சுற்றிப் போக நேரம் போதாது. எனக்குத் தெரியும்.

“அந்த ரோட்டுக்கு என்ன கொறச்சல்? அஞ்சு மணிக்கே கெளம்பு. எப்பவும் போற வழியிலயே போ.”

“நீங்க ஒரு தடவ மழையில ஓட்டிப் பாருங்க பாஸ், தெரியும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய வெள்ளைக் கார் இறக்கத்துப் பக்கம் திரும்புவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அறுபத்துநான்கு சரி என்று ஆகிவிடும். அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தொழிலில் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை. கைபேசியில் கூப்பிட்டிருக்கலாம்தான். சோதனை நடக்கும்போது யாரும் குறுக்கே கைவைக்கமாட்டார்கள்.

கார் மிதந்துபோய், சிக்னலில் நின்றிருந்த லாரிக்கு அடியில் புகுந்தது. விபத்துக் குறிப்பில் ‘சாலையின் நிலை’ என்ற கட்டத்தை நிரப்புவது நான். ‘நன்று’ என்று எழுதினேன். ஓட்டியவரின் வேகமே காரணம் என்று முடித்தார்கள். அடக்கத்தன்று அவளுடைய வேலைத் திறமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

போன மாதம் அந்த இறக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தார் போட்டோம். வழக்கமான பராமரிப்பு என்று எழுதி, எழுபத்தாறு என்று நானே குறித்தேன். கூட்டத்தில் அந்தத் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தேழு வருட அனுபவத்துக்கு மரியாதை கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது.