சாமி விளக்குக்கு எதுக்கு சுவிட்ச்

"…சாவிய உருவி மடியில சொருவிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். காலையில பாத்தா பேட்டரி செத்துக் கெடக்கு. யாரு மக்கா இந்தக் கறண்டக் குடிக்கது? போன ஞாயித்துக்கெழம வந்த ஆளெல்லாம் அடுத்தவன் வண்டியில ஏறிப் போச்சு. நாளைக்கும் அப்பிடின்னா வண்டிய வித்துர வேண்டியதுதான்."

கன்னியாகுமரி பஸ்ஸில் என் முன் இருக்கைக்காரர் இப்படிக் கேட்டார். வட்டக்கோட்டைப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களைக் கடற்கரை மணலில் ஏற்றிச் சுற்றும், பெரிய நாலு சக்கர ஏ.டி.வி. வண்டி வைத்திருக்கிறாராம். கூட இருந்தவர் மெக்கானிக்.

"வண்டியில புதுசா எதாவது மாட்டினியளா அண்ணே?"

"ஒண்ணுமில்ல. சாமி படத்துக்கு ஒரு செவப்பு பல்பு. கண்ணேறுக்கு."

"சாவிய உருவினா அது அணையுமா?"

"சாமி வெளக்கு அணையலாமா? நேரா பேட்டரியிலயில்லா குடுத்திருக்கேன்."

"ஒத்த பல்புக்கு இப்பிடி எறங்காதே."

"மொதல்ல ஒண்ணுதான் போட்டேன். பேட்டரி எறங்க எறங்க, கண்ணு பலமாட்டு இருக்குன்னு இன்னும் ஏழு கூட்டினேன்."

மெக்கானிக் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு, "ஒரு சுவிட்ச் வச்சிருங்கண்ணே, தீந்துது" என்றார்.

"சாமிக்கு சுவிட்சா? நல்லாருக்குடே! சாமிக்குத் தனி பேட்டரி வாங்கிப் போட்டா போச்சு."

சொன்னவர் சுசீந்திரத்திலேயே இறங்கிவிட்டார். பஸ் ஆள் ஏற்றி முடிப்பதற்குள், எதிரே பேன்சி கடையில் பென்சில் செல்லில் எரியும் குட்டி விளக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினார். எரியவிட்டுப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். அடியிலிருந்த சுவிட்சைக் கடைக்காரருக்கு விரலால் தொட்டுக் காட்டி, விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.