ஐந்நூறு வாட்டும் ஜன்னலோர மேசையும்

— மறுபடியும் செத்துப் போச்சு. நீ கொஞ்சம் மாடிக்குப் போயேன்.

— யாருங்க செத்தது?

— ஆம்ப்ளிஃபையர்மா! வேற யாரு சாகப் போறா? இங்க ஆபீஸ் லேப்டாப்ல பொத்தானை அமுக்கறேன், அமுக்கறேன், மஞ்சள் விளக்கு பச்சையா மாறவே மாட்டேங்குது.

— காலைல செருப்பு மாட்டும்போது என்ன சொன்னீங்க? "இனிமே என் ரேடியோவை உலகத்துல எந்த மூலைல இருந்தும் ஓட்டுவேன், அந்த அறைக்குள்ள மனுஷக் காலே பட வேண்டாம்"னு சொன்னீங்க இல்ல?

— சொன்னேன். இப்பவும் சொல்றேன். உன் கால் மட்டும் ஒரு நிமிஷம் படட்டும்.

— இப்ப எந்த மூலைல இருக்கீங்க?

— ரெக்கார்ட் ரூம்ல, பழைய ஃபைல் அடுக்குக்குப் பின்னாடி. மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கார். மெதுவாப் பேசு.

— நான் எதுக்குங்க மெதுவாப் பேசணும்? ஒளிஞ்சுக்கிட்டிருக்கறது நீங்க.

— வாதம் பண்ண நேரமில்லம்மா. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம்தான். ரெண்டு மணிக்குத் தீவுல கடையைக் கட்டிடுவாங்க.

— அந்தப் பறவைத் தீவா?

— அதேதான். மனுஷனே இல்லாத தீவு. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை நாலு பேர் படகுல போய்க் கூடாரம் போட்டு ரேடியோ வெப்பாங்க. உலகத்துல என்னை மாதிரி வீட்டுலயே ரேடியோ வெச்சுப் பேசற ஹாம்காரன் அத்தனை பேரும் அவங்களைக் கூப்பிடுவான், பதில் வந்தாப் பெருமை. இன்னைக்கு விட்டா, அடுத்த தடவை எனக்கு அறுபத்திமூணு வயசு. புரியுதா?

— உங்க ரேடியோ சங்கத்துப் பல் டாக்டர் அவங்களோட பேசிட்டாராமே?

— அந்தாள் பேச்சை எடுக்காதே. முதல் நாளே பிடிச்சுட்டான். சங்கத்து வாட்ஸப்புல காலை மாலை அதையே போடறான். போன வாரம் கடவாய்ப் பல்லைக் காட்டப் போனேன். ஊசி போட்டு வாயை மரக்க வெச்சுட்டு, "உங்களுக்குத் தீவு கிடைச்சுதா சார்?"ங்கறான். பதில் சொல்ல வாய் இருந்தாத்தானே?

— ஆம்ப்ளிஃபையர் இல்லாமக் கூப்பிட்டுப் பாருங்களேன்.

— அது இல்லன்னா நூறு வாட். ரயில்வே பிளாட்பாரத்துல கொட்டாவி விடற மாதிரி, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அது இருந்தா ஐந்நூறு வாட்.

— ஃபைலுக்குப் பின்னாடி நின்னு கிசுகிசுத்தாலுமா?

— கிசுகிசுப்பே ஐந்நூறு வாட்ல போகும். அதுதான் சயின்ஸ். படி ஏறிட்டியா?

— ஏறிட்டிருக்கேன்... ஹா... பத்து... பதினொண்ணு... ஹா...

— மூச்சு வாங்காதே, நேரம் போகுது.

— வாங்காம ஏறணும்னா... உங்க புரோகிராம்ல... அதுக்கும் ஒரு பொத்தான் வெச்சிருக்கணும்.

— வந்துட்டியா? என்ன தெரியுது?

— மஞ்சள் விளக்கு. "தயார் இல்லை"ன்னு எழுதியிருக்கு.

— ஏன்னு எழுதியிருக்கா?

— இல்லையே.

— இருக்காது. ரெண்டு வருஷம் உக்காந்து நானே எழுதின புரோகிராம்மா அது. என்ன கோளாறுன்னு சொல்ற வசதியே அதுல வெக்கல.

— ஏங்க?

— கோளாறு வராதுன்னுதான். சரி, ஆம்ப்ளிஃபையர்ல அந்த ஓரத்துப் பொத்தானை அமுக்கு.

— அமுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். நீங்க இந்த அறைக்கு வரவே வேண்டாம்னா, இந்த அறை உங்களுக்கு எதுக்கு?

— இப்பவா கேப்ப?

— இப்பத்தானே நீங்க காது குடுத்துக் கேக்கறீங்க. நான் சமையல்கட்டு மேசைல உக்காந்து புரூஃப் பார்க்கறேன். போன மாசம் சட்டப் புத்தகத்துல பதினாலாம் பக்கம் பூரா எண்ணெய். பதிப்பகத்துக்காரர் எண்ணெய்க் கறையை என் திருத்தம்னு நெனச்சு ஒரு பத்தியையே தூக்கிட்டார்.

— நல்லதுதானே? ஜனங்களுக்கு ஒரு சட்டம் குறைஞ்சுது.

— மாடில ஜன்னலோரம் வெளிச்சம் கொட்டுது. அங்க ஒரு மேசை போட்டா நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்.

— அங்க என் மேசை இருக்கு!

— உங்க மேசைக்கு நீங்க வேணாம், உங்களுக்கு மேசை வேணாம். இதைத்தானே ரெண்டு வருஷமா எழுதினீங்க?

— சரி, சரி, பாதி மேசை எடுத்துக்கோ. அமுக்கு தாயே!

— அமுக்கியாச்சு.

— பச்சை! பச்சை வந்துடுச்சு! போனை வெச்சுடாதே. ஒரு காதுல தீவு, ஒரு காதுல நீ. இரு, கூப்பிடறேன்.

— கூப்பிடுங்க.

— கேக்குது... தீவுக்காரர் குரல் தெளிவாக் கேக்குது... ஐயோ, நாலாயிரம் பேர் ஒரே நேரத்துல கத்தறானுங்க. இன்னொரு தடவை... ஏய்! மஞ்சள்! மறுபடியும் மஞ்சளுக்குப் போயிடுச்சு!

— அப்படியா?

— "அப்படியா"ங்கற! பக்கத்துல போய் மோந்து பாரு. கருகற வாசனை வருதா?

— கருகல் இல்லைங்க. மருந்து வாசனை மாதிரி. மூக்குல ஏறுது.

— கண் எரியுதா?

— லேசா.

— போச்சு! ட்ரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் உருகுது! அதென்ன பின்னாடி "உய்ய்"னு ஒரு சத்தம்?

— விசிறியா இருக்கும்.

— என் விசிறி அப்படிக் கத்தாதே! பேரிங் தேஞ்சுடுச்சு! காத்து சூடா வருதா பாரு.

— சூடாத்தான் வருது.

— எவ்வளவு சூடு?

— முடி காயற அளவுக்கு.

— கருகற அளவுக்கா?

— காயற அளவுக்குங்க. பயமா இருந்தா மொத்தமா அணைச்சுடட்டுமா?

— அணைக்காதே! வெடிக்கறதா இருந்தாலும் ரெண்டு மணிக்கு மேல வெடிக்கட்டும்.

— நான் பக்கத்துல நிக்கறேனே?

— ரெண்டடி தள்ளி நில்லு. புரியுதா? மறுபடி அந்தப் பொத்தானை அமுக்கு.

— எங்க தள்ளி நிக்கறது? சுவரோரம் பூரா உங்க அட்டைப் பெட்டி. மொத்தம் பத்தொம்பது.

— அதெல்லாம் உதிரி பாகம்.

— எதுக்கு உதிரி?

— மத்த உதிரி பாகத்துக்கு.

— சரிங்க. நான் அந்தப் பெட்டி மேலயே உக்காந்துக்கறேன். ரெண்டு மணி ஆனதும் சொல்லுங்க.

— பெட்டியைத் தூக்கிப் போட்டுடறேன்! ஞாயித்துக்கிழமை! எல்லாத்தையும்!

— பதினெட்டு போதும். ஒண்ணு உங்க ஞாபகத்துக்கு இருக்கட்டும். இந்தா, அமுக்கிட்டேன்.

— பச்சை. பேசாதே, மூச்சு விடாதே... ஐயையோ, தீவுக்காரன் என் பக்கம் வந்துட்டான்! என் அடையாளப் பேர்ல முதல் ரெண்டு எழுத்தைச் சொல்லிட்டான்! "ரெண்டு எழுத்து சரி, மீதி என்ன"ன்னு கேக்கறான்! இதோ சொல்... மஞ்சள்! அடக் கடவுளே, மஞ்சள்! கேட்டுக்கிட்டிருக்கும்போதே போயிடுச்சே! பல் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பான்மா. முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பான்.

— அழறீங்களா?

— இல்ல, ஃபைல் தூசி. இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு. என்ன வேணும் உனக்கு? சொல்லு, என்ன வேணும்?

— நான் என்னங்க கேட்டேன்? மிஷினை ஓட்ட நீங்க அங்க இருக்க வேண்டாம். சரியா? அப்போ மிஷினும் அந்த அறைல இருக்க வேண்டாம். மாடிப்படிக்குக் கீழ துடைப்பம் வெக்கற இடம் இருக்கு. ஏரியல் கம்பியை அங்க இறக்க முடியாதா?

— என் ஆம்ப்ளிஃபையர் துடைப்பத்தோடயா?

— துடைப்பம் இதுவரைக்கும் ஒரு நாள்கூட மஞ்சளுக்குப் போகலைங்க.

— ... சரி. அறை உனக்கே.

— வாயால வேணாம். மெசேஜா அனுப்புங்க.

— அனுப்பிட்டேன். பாரு.

— "அறை உனக்கு"ன்னு இருக்கு. "மொத்த அறையும்"னு போடுங்க. "இன்று முதல்"ங்கறதும் விட்டுப் போச்சு. தேதியும் இல்ல.

— புரூஃப் பார்க்கற நேரமா இது!

— அவசரத்துல எழுதறதுலதான் தப்பு வரும்.

— "மொத்த அறையும் இன்று முதல் உனக்கு." தேதி போட்டாச்சு. முற்றுப்புள்ளியும் வெச்சாச்சு. போதுமா?

— போதும். இப்பக் கூப்பிடுங்க, பச்சைல நிக்கும்.

— எப்படித் தெரியும்?

— ஒரு தடவை தட்டினேன். சில மிஷினுக்கு அதுதான் சயின்ஸ்.

— இரு... இரு... சொல்லிட்டான்! முழுப் பேரையும் சொல்லிட்டான்! முடிஞ்சுது! கிடைச்சுது!

— அதுக்குள்ளயா? நாலு செகண்ட்கூட ஆகலையே. என்ன பேசினீங்க?

— அவர் "அஞ்சு ஒம்பது"ன்னார். உன் குரல் ரொம்ப நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம். நானும் "அஞ்சு ஒம்பது"ன்னேன். அவர் "நன்றி"ன்னார்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்.

— பேரு, ஊரு எதுவும் கேக்கலையா?

— கேக்க மாட்டாங்கம்மா, நேரம் ஏது?

— குரல் நல்லாக் கேட்டாத்தான் அஞ்சு ஒம்பது சொல்லுவாங்களா?

— இல்ல, எல்லாருக்குமே அதேதான் சொல்லுவாங்க. அது பழக்கம். ஆனா எனக்குச் சொன்னப்போ குரல்ல ஒரு மரியாதை இருந்துச்சு.

— சந்தோஷங்க. நெஜமாத்தான் சொல்றேன்.

— பாத்தியா? வீட்டுல நான் இல்ல, தீவுல ஜனம் இல்ல, ஆனா காரியம் நடந்துடுச்சு. எல்லாமே தூரத்துல இருந்தே! ஒரு மனுஷக் கை படல! அந்தப் பல் டாக்டர்கிட்ட முதல்ல இதைத்தான் சொல்லணும்.

— என் கை?

— உன் கை கணக்கில்லம்மா, நீ வீட்டு மனுஷி. ஐயோ, செருப்புச் சத்தம் கேக்குது. மேலதிகாரி வரார். நீ அங்க நிக்காதே, அந்த வார்னிஷ் வாசனை உடம்புக்கு ஆகாது. கீழ இறங்கிடு, வெக்கறேன்.

— வெச்சுட்டாரா மேடம்?

— வெச்சுட்டாரும்மா.

— அப்போ தலையைப் பின்னாடி சாய்ங்க, அலசிடறேன். சாயம் பூசி முக்கால் மணி நேரம் ஆச்சு. பக்கத்து நாற்காலிக்காரங்க முடியே காஞ்சு கிளம்பிட்டாங்க.

— தண்ணி ரொம்ப ஜில்லுனு வேணாம்.

— ஏன் மேடம், எங்க பார்லர்ல உக்காந்துக்கிட்டே உங்க வீட்டு மாடில இருக்கற மிஷினை எப்படி அணைச்சு அணைச்சுப் போட்டீங்க?

— அந்தப் புரோகிராமை என் போன்லயும் ஏத்திக் குடுத்தது அவரேதான். "எனக்குத் திடீர்னு ஏதாவது ஆயிட்டா, நீ எங்க இருந்தாலும் முதல்ல இந்தப் பொத்தானை அமுக்கி ஆம்ப்ளிஃபையரை அணைச்சுடு, அப்புறமா அழுதுக்கலாம்"னு சொல்லிக் குடுத்தாரு.