மந்திரி வாயை மூடும் பாடம்

ஹலோ... ஹலோ, வாசோவா? நாய்க்குப் பாடம் எடுக்கற வாசோதானே?... ஆமா, ஸ்தாதிஸ் பேசறேன். வோலோஸ் துறைமுகத்துப் பக்கம், மூணாவது மாடி. போன வாரம் முதல் வகுப்புக்குக் கூட்டிட்டு வந்தேனே, உன் ஷூவைக் கடிச்சதே ஒண்ணு... ஆங், அதேதான். மந்திரி.

ஏன் அந்தப் பேரா? நல்லாத் திங்கும், ஒரு வேலையும் செய்யாது. வேற என்ன பேரு வைக்கறது?

இல்லம்மா, பாடம் பலிக்கலை. குரைக்காம இருக்கத்தானே கத்துக்குடுத்தே? இப்ப முன்னைவிட ஜோரா குரைக்குது. அதுவும் மதியம் மூணுலேருந்து அஞ்சுக்குள்ள. ஊரே ஜன்னலை அடைச்சுட்டுத் தூங்கற நேரம்... ஆமா... ஆமா, லிஃப்ட் சத்தம் கேட்டாலே போதும்.

கேளு, இன்னிக்கு நாலு மணிக்கு டியாமாண்டிஸ் வர்றான். எங்க கட்டடத்துப் பொறுப்பாளி. நாய் வெளியே போகணும்னு எல்லா வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டானாம். இப்பவே நாலாகப் போகுது... பயமாவா? பயம்தான். அது போயிட்டா இந்த வீட்டுல டி.வி.யைத் தவிர என்கூடப் பேச ஆளில்லை.

சரி, சரி, நீயே கேளு... டப்பாவா? அழுத்தினா டிக்குனு சத்தம் போடுமே, நீ குடுத்தியே, அதுவா? அதை முதல் நாளே மந்திரி தின்னுடுச்சு... வந்துடுச்சு, வந்துடுச்சு, ரெண்டே நாள்ல வெளியே வந்துடுச்சு. அதைக் கழுவி எடுத்து வச்சுக்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகலை.

டப்பா இல்லாம எப்படியா? சத்தம்தான் முக்கியம்னு நீதானே சொன்னே. டிக்குனு கேட்டா உடனே தீனி, ஏமாத்தவே கூடாதுன்னு. நான் ஏமாத்தலை. என் மணிமாலையை வச்சு... ஜெபமாலை இல்லம்மா, எனக்கும் சாமிக்கும் ரொம்ப நாளாப் பேச்சுவார்த்தை இல்லை. கையில உருட்டற மணி. சிகரெட்டை விட்டதுலேருந்து அதுதான் எனக்குக் கதி.

எப்ப உருட்டுவேனா? எரிச்சல் வந்தா... எரிச்சல் எப்ப வருமா? நாய் குரைச்சா வரும், வேற எப்ப... ஆமா, அப்ப மணி டிக் டிக்குனும்... ஆமா, உடனே சீஸ் குடுத்துடுவேன். சட்டம்னா சட்டம்...

ஏன் சிரிக்கறே?...

ஓ.

அப்போ இத்தனை நாளா குரைச்சதுக்குக் கூலி குடுத்திருக்கேன். நல்ல ஆட்டுப்பால் சீஸ் வேற.

இப்ப என்ன பண்ணணும்?... மணியை டிராயர்ல போட்டுப் பூட்டணுமா? எத்தனை நாள்?... வாசோ, சிகரெட்டைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னது தெரிஞ்சுதான் பேசறியா? இந்தக் கை சும்மா இருந்தா நேரா சிகரெட்டுக்குப் போகும்... சரி... சரி, பூட்டிட்டேன். டிக்குக்குப் பதிலா ஒரு வார்த்தையா? ப்ராவோவா? என் பொண்டாட்டி முப்பது வருஷம் சமைச்சுப் போட்டா, அவளுக்கே நான் அதைச் சொன்னதில்லை... புரியுதும்மா. வாயை மூடின அந்த நொடியே சொல்லணும். உடனே தீனி.

லிஃப்ட் வருது. வச்சுடாதே, சட்டைப் பையில போட்டுக்கறேன்.

டேய், குரைச்சுக்கோ. எவ்வளவு வேணா குரைச்சுக்கோ, ஒண்ணும் கிடையாது... மூச்சு வாங்குதா? ப்ராவோ. இந்தா... ப்ராவோ. இந்தா.

வாங்க டியாமாண்டிஸ்... ப்ராவோ... உங்களைச் சொல்லலை, அதைச் சொன்னேன். படிங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்... ஓயாமல் குரைக்கிறதுன்னு போட்டிருக்கா? சரி... ப்ராவோ. இந்தா... ஏன் சத்தமே இல்லையா? உடம்புக்கு ஒண்ணும் இல்லை, நல்லாத்தான் இருக்கு. நீங்க மேல படிங்க...

வாசோ? இருக்கியா?... போயிட்டான். கடுதாசியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான். ஒரு வாரம் பாப்போம்னான். அதுக்குள்ள மதியத்துல ஒரு தடவை குரைச்சாலும் முடிஞ்சுது... தெரியும், ஒரே நாள்ல வராதுன்னு தெரியும். தினமும் பண்றேன். நீ சொன்னபடியே பண்றேன். எனக்கு இந்த நாய் வேணும்மா.

கையா? உருட்ட எதையாவது தேடுது... இல்லை, சிகரெட் கடைக்குப் போகலை. டிராயரைத்தான் பாத்துட்டிருக்கேன்... இரு. வந்து உள்ளங்கையில மூக்கை வச்சுட்டு நிக்குது. சீஸ் தீந்துபோச்சுடா, வெறுங்கைடா இது... மூக்கை எடுக்க மாட்டேங்குது. சிகரெட்டைவிட மோசமா நாறுது, வாசோ... இல்லை, நானும் கையை எடுக்கலை.

சரிம்மா, வச்சுடறேன். போன் பிடிச்சிருக்கற கையையும் கேக்குது.